ஏரிக்கரை வீட்டு ஒரு பிடி மாவு

ஒரு ஊர்ல ஒரு அம்மன் இருந்தா. பேரு செல்லாயி. கோயில் சின்னதுதான், கோபம்தான் பெரிசு. உன் அத்தை நான் இருக்கேனே, எனக்கு வர்ற கோபம் மாதிரி. சிரிக்காதே கயலு, போர்வையைப் போர்த்திக்கிட்டு "ம்" கொட்டு. கொட்டலைன்னா கதை நின்னுடும்.

"ம்."

ஆடி மாசம் வந்தா செல்லாயிக்குக் கூழ் ஊத்தணும். ஒரே வீட்டு மாவுல காய்ச்சிடக் கூடாது. வீட்டுக்கு ஒரு பிடி கேப்பை மாவு வாங்கி, எல்லாத்தையும் ஒரே பானையில போட்டுக் காய்ச்சணும். அதை வாங்கப் போறவ ராக்காயி. வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு.

அந்த வருஷம் ஏரிக்கரையில சிவனம்மான்னு ஒருத்தி புதுசாக் குடிசை போட்டிருந்தா. அவங்க ஊர்ல மழை இல்லாம, பொழைக்க வந்தவ. நம்ம வீட்டுலயும் வந்து மாவு கேப்பாங்கன்னு அவளுக்கு ஒரே ஆசை. களத்துமேட்டுல சிந்திக் கிடந்த கேப்பையைப் பொறுக்கி, கடகடகடன்னு திருகையில அரைச்சு, முறத்துல ஒரு பிடி மாவோட வாசல்ல நின்னா.

அப்புறம் மேளம் வந்துச்சு. டும் டும் டும்! ராக்காயி குடிசையைப் பார்த்தா. "ஐயோ பாவம், அவளே கஞ்சிக்கு இல்லாம கிடக்கா. அவகிட்டப் போய்க் கேக்கலாமா?"ன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டா. சிவனம்மாவுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. நம்மளை இந்த ஊர்ல சேர்த்துக்கலைன்னு நினைச்சுக்கிட்டா. எனக்கே இப்பச் சொல்றப்போ மனசு கஷ்டமா இருக்கு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் கோயில்ல பானையை அடுப்புல ஏத்தினாங்க. கொதிக்கவே இல்லை! விறகைத் திணிச்சாங்க. சடசடன்னு எரிஞ்சுது, பானை கம்முன்னு இருந்துச்சு. துடுப்பைப் போட்டு மாத்தி மாத்திக் கிண்டினாங்க, அப்பவும் ஒண்ணும் ஆகலை. பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து லுலுலுலுன்னு குலவை போட்டாங்க. அப்போ பானை கொதிக்கலை, ராக்காயி கொதிச்சா! அவ மேல சாமி வந்துடுச்சு. திங்கு திங்குன்னு ஆடுறா.

"அடியே ராக்காயி! ஒரு வீட்டை விட்டுட்டு வந்திருக்கியே, உன்னை யாருடி பாவம் பார்க்கச் சொன்னா? அவ எனக்குப் பொண்ணு இல்லையா?"

அவ வாயாலயே அவளுக்குத் திட்டு! ஊர் ஜனம் சிரிப்பை அடக்க முடியாம நின்னுச்சு.

சாமி மலையேறினதும் ராக்காயி எடுத்தா பாரு ஓட்டம், தபதபதபன்னு! அங்க சிவனம்மா, சரி, நாமளே குடிச்சுக்குவோம்னு உலை வெச்சு, மாவை அள்ளிக் கையைத் தூக்கிட்டா.

"போடாதே, போடாதே!"ன்னு ராக்காயி மூச்சு வாங்க முந்தானையை ஏந்திக்கிட்டு நின்னா. "ஆத்தாளுக்கு உன் வீட்டுப் பிடி வேணுமாம். என்மேல கோவம்னா அப்புறம் திட்டு தாயி, இப்ப வா!"

சிவனம்மா அழுதுக்கிட்டே சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே ஓடினா. அவ கையாலயே மாவைப் பானையில போட்டா. போட்டதுதான் தாமதம், களக்! புளக்! களக்! புளக்! கூழ் பொங்கி வந்துடுச்சு.

முதல் அகப்பை செல்லாயிக்கு. அப்புறம் ஒவ்வொரு வீடா வந்து சொம்பை நீட்டணும், ராக்காயி "எந்த வீடு?"ன்னு கேட்டுக் கேட்டு ஊத்துவா. சிவனம்மாவும் வரிசையில வந்து சொம்பை நீட்டினா.

"எந்த வீடு?"

"ஏரிக்கரை வீடு!"ன்னா சிவனம்மா. ஊருக்கே கேக்குற மாதிரி சத்தமா சொன்னா.

கூழ் குடிச்சு வயிறு ரொம்பி, செல்லாயியும் படுத்துட்டா. கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடுடி கயலு.