செந்நாயின் பின்னால் நின்ற எருமைகள்

ஒரே ஒரு குளத்தை நம்பிப் பிழைத்த காடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. ஆண்டுதோறும் சேற்றில் இறங்கி, கோரையை மிதித்து, குளம் தூர்ந்துபோகாமல் காத்தவை எருமைகள். ஆனால் கோடையில் முதலில் இறங்கிக் குடித்தவை யானைகள். மிஞ்சிய கலங்கல்தான் எருமைகளுக்கு.

காரி என்ற எருமையின் கன்று தண்ணீர் போதாமல் வாடிக்கொண்டிருந்தது. கன்றுகளுக்காவது ஓர் ஓரத்தை ஒதுக்கும்படி தலைவர் யானையிடம் காரி மூன்று முறை போய்க் கேட்டது. மூன்று முறையும் யானை, மழை வரட்டும் பார்க்கலாம் என்றது. மழையே வந்துவிட்டால் அப்புறம் ஓரம் எதற்கு?

காரியின் குளம்பில் சேற்றுப்புண் வேறு. ஒருநாள் செந்நாய் ஒன்று சற்றுத் தள்ளி வந்து உட்கார்ந்தது.

"ரொம்ப வலிக்கிறதா, அக்கா?"

காரிக்கு அழுகையே வந்துவிட்டது. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டியது. செந்நாய் பொறுமையாகக் கேட்டது.

"உன் கன்றின் தண்ணீரைக் குடிப்பது போன வருஷம் வந்த மான்கள்தான். என்னைத் தலைவனாக்கு, விரட்டிக் காட்டுகிறேன்" என்றது.

தங்கள் காடு எரிந்துபோனதால் பிழைக்க வந்த மான்கள் அவை. அவையும் அதே கலங்கலைத்தான் குடித்தன. இது காரிக்குத் தெரியும். செந்நாயின் பல்லும் தெரியும். ஆனால் யானை அசையாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில், வேண்டியவர் பின்னால் போய் நிற்பது அந்தக் காட்டு வழக்கம். எருமைகள் எல்லாம் செந்நாயின் பின்னால் நின்றன. செந்நாய் தலைவனானது.

மான்கள் விரட்டப்பட்டன. குளத்தில் தண்ணீர் ஒரு சாண்கூட ஏறவில்லை. செந்நாய்க் கூட்டம் வேட்டைக்கு வரும்போதெல்லாம் மோப்பம் பிடித்துக் கத்தி, காட்டையே உஷார்படுத்தியவை அந்த மான்கள். இப்போது கத்த யாரும் இல்லை. ஒரு மத்தியானம் காரியின் கன்றைச் செந்நாய்கள் இழுத்துப் போயின.

யானை கோபமாகக் காரியைத் தேடி வந்தது. "போயும் போயும் செந்நாயையா நம்பினாய்? உனக்கு மூளை இல்லையா?"

காரி தலை நிமிரவில்லை.

"மான்களுக்கு நான் செய்தது பாவம். என் பிள்ளையும் போய்விட்டது. ஆனால் நீங்கள் என்னைத் தேடி வந்தது இன்றுதான், ஐயா. அதுவும் திட்டுவதற்கு."

நீதி: உழைப்பவரின் குறையை நல்லவர்கள் காதுகொடுத்துக் கேட்காவிட்டால், அந்த உழைப்பவரின் கோபத்தைக் கெட்டவர்கள் தங்கள் வேட்டைக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள்.