வாயில் நுழையாத பேர்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடல் உப்புக் கரிக்கத் தொடங்கிய புதிதில், பவழத்துறை என்றொரு பட்டணம் இருந்தது. அங்கே அரண்மனைப் பாடகன் சாரங்கபூபதி. நன்றாகப் பாடுவான், சொந்தமாகப் பாட்டும் கட்டுவான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் யாராவது இன்னொருவருக்குக் கை தட்டிவிட்டால் போதும், அவன் வயிறு பற்றி எரியும். அந்த ஊரில் பாட்டின் கடைசி அடியில் கட்டியவர் பேர் வருவது வழக்கம். ஊர் முழுக்கத் தன் பேர் மட்டுமே கேட்கவேண்டும் என்பது அவன் ஆசை.

ஒருநாள் கப்பலில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். பாலைவனத்து முரசுக்காரன் டுகாரா. கிழக்குத் தீவின் வெண்கலத் தட்டுக்காரி லெம்பி. பனிநாட்டிலிருந்து இரண்டே தந்தி கட்டிய யாழோடு யாலுமா. மறுநாள் அரசன் முன் தாங்கள் கட்டிய பாட்டைப் பாடப்போகிறார்களாம். சாரங்கபூபதி சத்திரத்துச் சுவரில் காதை வைத்துக் கேட்டான். யாலுமா பாடியபோது அவனுக்கே கண் கலங்கியது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பாழுங்கோயிலில் ஒரு பேசும் பல்லி உண்டு. அதனிடம் ஓடினான்.

"அந்த மூணு பாட்டும் எனக்கு வேணும்!"

பல்லி ஒரு கலயத்தைக் காட்டியது. "இதைச் சத்திரத்து வாசல்ல வை. பாட்டும் குரலும் இதுக்குள்ள இறங்கிடும், அவங்க கட்டின பாட்டெல்லாம் அவங்களுக்கு மறந்துபோகும். நீ குடிச்சிடு. ஆனா கடைசி அடியில..."

"சரி, சரி!" கலயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டான். பொறாமைக்காரனுக்குப் பாதிப் பேச்சுத்தான் காதில் விழும்.

அன்றிரவே கலயத்தைச் சத்திரத்து வாசலில் வைத்து, விடியுமுன் குடித்துவிட்டான். மறுநாள் சபையில் மூவரும் வாயைத் திறந்தார்கள், காற்றுத்தான் வந்தது. சாரங்கபூபதி முன்னே வந்தான். டுகாராவின் பாட்டைப் பாடினான், சபை சொக்கியது. கடைசி அடியில் தன் பேரைப் போட்டான், கழுதைக் குரல் வந்தது. லெம்பியின் பாட்டைப் பாடினான், தன் பேரைப் போட்டான், காக்கைக் குரல் வந்தது. யாலுமாவின் பாட்டைப் பாடினான், தன் பேரைப் போட்டான், தொண்டை அடைத்தே போனது.

மறுபடி பல்லியிடம் ஓடினான்.

"முழுசாக் கேட்டியா? கட்டினவங்க பேரைச் சொன்னாத்தான் பாட்டு தொண்டையில நிக்கும். இனி அந்த மூணு பேர் மட்டும்தான் உன் வாயில வரும். உரக்கச் சொல்லு, எல்லாருக்கும் எல்லாம் திரும்பிடும்."

அந்தப் பேரெல்லாம் என் வாயில் நுழையாது என்று கையை ஆட்டினான்.

"சாரங்கபூபதி மட்டும் நுழையுதோ?" என்றது பல்லி.

அவன் சொல்லவில்லை. 'நான் ஊமையானால் ஆகட்டும், அந்த யாலுமாவும் ஊமைதானே' என்று அவன் மனசு குளிர்ந்தது. அடுத்தவருக்குச் சகுனத்தடை ஆகவேண்டுமென்று தன் மூக்கை அறுத்துக்கொள்கிற ஜாதி!

"ஊமைகளுக்குச் சபையில் என்ன வேலை? வந்த மூவரையும் கப்பலேற்றுங்கள்" என்றான் அரசன். அதைக் கண்ணாரப் பார்க்கச் சாரங்கபூபதியும் துறைமுகத்துக்குப் போனான்.

யாலுமா அவனைப் பார்த்தாள். பாவம், நம்மைப் போலவே இவனுக்கும் குரல் போய்விட்டது என்று இரங்கினாள். யாழை எடுத்து மீட்டினாள். அது சாரங்கபூபதி முதன்முதலில் கட்டிய பாட்டு. வந்திறங்கிய அன்றே படகுக்காரர்கள் பாடக் கேட்டு, பிடித்துப்போய், கற்று வைத்திருந்தாள்.

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவள் பாட்டை நான் திருடினேன், என் பாட்டை இவள் நேசித்திருக்கிறாள்!

"யாலுமா!" என்று கத்தினான். "டுகாரா! லெம்பி!"

குரல்கள் திரும்பின, பாட்டுகள் திரும்பின. சாரங்கபூபதி மூவரையும் சபைக்கு அழைத்துப்போய், அரசன் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"இவனை நாடு கடத்துங்கள்!" என்றான் அரசன்.

"வேண்டாம், ராஜா" என்றாள் யாலுமா. "எந்த நாட்டுப் பாட்டானாலும், கட்டினவங்க பேரையும் ஊரையும் இந்தச் சபையில இவரே எழுந்து சொல்லட்டும். அதுபோதும்."

அன்று மூவரும் பாடினார்கள். மூன்று பேரையும் அவன்தான் சொன்னான், தடுக்கித் தடுக்கி. கைதட்டல் கேட்டு வயிறு கொஞ்சம் எரிந்தது. அது அவ்வளவு சீக்கிரம் அணைகிற நெருப்பா?

கடைசியில் யாலுமா அவன் பாட்டைப் பாடினாள். அந்த நீளப் பேர் அவள் வாயில் நுழையாமல் திணறியது. ஆனாலும் ஓர் எழுத்தை விடாமல் சொல்லி முடித்தாள். சாரங்கபூபதி சின்னப் பிள்ளைபோல் அழுதான். அன்றைக்கே அந்தக் கலயத்தைக் கடலில் எறிந்தான்.

கலயம் கடலோடு, பல்லி கோயிலோடு, பாட்டு அவரவர் பேரோடு.