மைனா கொண்டுவந்த வெள்ளம்

“என் பிள்ளைங்களைப் பாறையில போட்டு வறுக்கிறியே, உன் வாயில மண்ணு விழ!” தவளை பொன்னாத்தா இதையே திரும்பத் திரும்பக் கத்தினாள். மைனாவோ இறகைக் கோதிக்கொண்டிருந்தாள்.

ஆனைமலை அடிவாரத்தில் தவளைகளின் குளம் வற்றிக்கொண்டிருந்தது. மலையின் அந்தப் பக்கம், விழுந்த மரம் ஒன்று ஓடையை அடைத்துக் கிடந்தது. அதை நகர்த்தித் தரும்படி கொம்பன் யானையிடம் கேட்க வேண்டும். கொம்பனுக்கு மலையாளம்தான் வரும். மைனாவுக்கோ இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. போனாள். திரும்பி வந்து, “வெள்ளம் வருது! மேட்டுக்கு ஓடுங்க!” என்றாள்.

பொன்னாத்தா தலைப்பிரட்டைகளைத் தாமரை இலையில் ஏந்திப் பாறை மேல் ஏறினாள். வெள்ளம் வரவில்லை, வெயில்தான் வந்தது. இலையில் இப்போது ஒரு சங்கு அளவு தண்ணீர்கூட இல்லை.

“கொம்பன் சொன்னதை அப்படியே சொல்லு!”

“‘வெள்ளம் வரும், மேட்டுக்கு ஓடுங்க’ன்னான் அம்மிணி. இன்னும் காதுல நிக்குது! தினமும் ஒத்தைக் கால்ல நின்னு மூச்சைக் கவனிக்கிறவ நான்!”

“அவன் பேசும்போது?”

“அப்பவும் மூச்சைத்தான் கவனிச்சேன்!”

மூச்சு எங்கே ஓடிவிடப் போகிறது?

அதற்குள் கொம்பனே வந்துவிட்டான். “எந்தா இது? வெள்ளம் வரும், குளத்தில்தன்னே இரிக்கணும் என்னல்லே ஞான் பறஞ்ஞது?” தும்பிக்கையால் கீழே காட்டினான். ஓடைத் தண்ணீர் சிணுங்கிக்கொண்டே குளத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

“அடிப்பாவி! குளத்துலயே இருக்கச் சொல்லியிருக்கானே! அவங்க ஊர்ல தண்ணிதான் வெள்ளமா?”

“ஆமா, எனக்குத் தெரியுமே!”

“தெரிஞ்சுமா? அப்ப ‘மேட்டுக்கு ஓடுங்க’ன்னது யாரு?”

மைனா விழித்தாள். “வெள்ளம்னா அடுத்து அதுதானே அம்மிணி வரும்? சத்தியமாக் கேட்ட மாதிரியே இருக்குதே!”

பொன்னாத்தா இலையை வாரி எடுத்தாள். இலையோடு ஒரே தாவு! குளத்தில் இலையைச் சாய்த்தாள். சுருண்டு கிடந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாலை ஆட்டின. அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மைனா கரையில் வந்து இறங்கினாள். “கொம்பனுக்கு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணுமில்ல? நானே சொல்லிடறேன். என்ன சொல்லட்டும், சொல்லுங்க அம்மிணி!”

வாய் ஓயாத அத்தனை தவளைகளும் வாயை மூடிக்கொண்டன.

எத்தனை மொழி தெரிந்தாலும், பேசுகிறவர் மேல் கவனம் வைக்காதவருக்குச் சொல்லாத சொல்லும் கேட்டதாகவே நினைவிருக்கும்.