உரைகல்லை விசாரித்த அமைச்சர்

முன்பொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைச் செங்கீரன் என்றொரு அரசன் ஆண்டான். அந்த நாடு எங்கே இருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. வேறு எதில் அவர்களுக்கு ஒற்றுமை என்று என்னைக் கேட்காதீர்கள். அரசன் முன்கோபி என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

அவனுடைய ஒரே மகள் இளவெயினி, பால்பல் விழும் வயதில், காய்ச்சலில் இறந்துபோனாள். சடங்குகள் முடிந்து சபைக்கு வந்த அரசன், வான சாஸ்திரத்தில் கரைகண்ட கணியர் அநந்தநம்பியை அழைத்தான்.

"கணியரே, கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று பிசகாமல் சொல்கிறீர். என் மகள் ஏன் போனாள்? எங்கே போனாள்? அதைச் சொல்லும்."

தெரியாது என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நம்பிக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை.

"வானத்தின் கீழ் என் கணக்குக்கு எட்டாதது ஒன்றுமில்லை, அரசே. பௌர்ணமிக்குள் சொல்கிறேன்."

அவர்மேல் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்த புரோகிதர் நீலகண்டர் சும்மா இருப்பாரா?

"சொல்லாவிட்டால்?" என்றார் மெதுவாக.

"தலை போகும்," என்றான் அரசன்.

பௌர்ணமி வந்தது. கடைசி மூச்சு எந்த நாழிகையில் நின்றது, அப்போது எந்த நட்சத்திரம், காய்ச்சல் எப்படி ஏறியது என்றெல்லாம் நம்பி விரிவாகச் சொன்னார். அத்தனையும் சரி.

"இது எனக்கே தெரியும். நான் பக்கத்தில்தான் இருந்தேன்," என்றான் அரசன். "எங்கே போனாள்?"

நம்பி மறுபடியும் நட்சத்திரக் கணக்கையே தொடங்கினார். காவலர்கள் அவர் தோளைப் பிடித்தார்கள்.

அமைச்சர் மழவராயர் எழுந்தார். "பொறுங்கள், அரசே. இன்னொரு குற்றவாளியும் இருக்கிறது."

அரண்மனைப் பொற்கொல்லரை அழைத்து, அவருடைய உரைகல்லை அரசன் முன்னால் வைத்தார். அரசியிடம் கேட்டு வாங்கிவந்த சின்னத் தங்க வளையலை அதில் ஒருமுறை தேய்த்தார். கறுப்புக் கல்லில் மஞ்சள் கோடு விழுந்தது.

"ஒன்பதரை மாற்று," என்றார் பொற்கொல்லர்.

அரசன் துள்ளி எழுந்தான். "ஓய்! அது என் குழந்தையின் வளையல்!"

"கல்லுக்கு அது தெரியவில்லையே, அரசே. மாற்றைச் சரியாகச் சொல்கிறது. எந்தக் கையில் கிடந்தது, அந்தக் கை இப்போது எங்கே என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. உடைத்துவிடலாமா?"

"கல் என்ன செய்யும்? அதன் வேலை அவ்வளவுதான்."

"நம்பியின் வேலையும் அவ்வளவுதான்."

அரசன் குனிந்து கல்லில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தான். பிறகு, "விடுங்கள் அவரை," என்றான். "கணியரே, தெரியாது என்று சொல்லிவிட்டுப் போம்."

"தெரியாது, அரசே." அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து சபை கேட்டது அதுதான் முதல் தடவை.

புரோகிதரின் முகம் ஒரு கணம் சுருங்கியது, உடனே மலர்ந்தது.

"நான் அன்றே நினைத்தேன். இதெல்லாம் கணக்கில் வருமா? இளவரசி சொர்க்கத்தில் இருக்கிறாள், அரசே."

"இருட்டில் தூங்கமாட்டாள். அங்கே ராத்திரி விளக்கு வைக்கிறார்களா?"

நீலகண்டர் உட்கார்ந்துவிட்டார்.

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். "சாமர்த்தியசாலி நீர். இப்போது நீர் சொல்லும்."

"எனக்கும் தெரியாது, அரசே. ஒரு கழுத்தைக் காப்பாற்ற மட்டும்தான் தெரிந்தது."

உரைத்த பொன்னை மெழுகில் ஒற்றி எடுத்துவிடுவது பொற்கொல்லர்களின் வழக்கம். பழக்கதோஷத்தில் அரண்மனைப் பொற்கொல்லரும் மெழுகு உருண்டையோடு கல்மேல் குனிந்தார். அரசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாமய்யா. இருக்கட்டும்."

சபை கலைந்த பிறகும் அவன் அந்தக் கையை விடவில்லை.