தள்ளித் தோண்டிய கிணறு

மழை இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத ஒரு புஞ்சைக் காட்டில், முன்பு ஒரு புற்றுக்கறையான் இருந்தது. கறையானை எறும்புக்கு உறவாக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. உண்மையில் அதற்குக் கரப்பான்தான் பங்காளி. அதைக் கறையான்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

ஒருநாள் காட்டுக்காரி அங்கம்மாளும் அவள் புருஷன் தவசியும் மண்வெட்டியோடு வந்தார்கள். கிணறு வற்றிவிட்டது. காட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போவதென்று முடிவு. வாங்குகிறவர் புற்றை இடித்துச் சமன் செய்யச் சொல்லியிருந்தார்.

மண்வெட்டிக் காம்புக்குள்ளிருந்து ஒரு மரக்கறையான் பேச்சுக் கொடுத்தது. தன் வம்சம் மண்ணைத் தொட்டதில்லை, தண்ணீரைத் தேடியதில்லை, காய்ந்த மரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது என்று பெருமையடித்தது.

“கட்டில், கதவு, காம்பு. மனுஷங்களோட நாங்க அத்தனை நெருக்கம் அக்கா.”

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா மண்ணெண்ணெய் ஊத்துறாங்க.”

புற்றுக்கறையானுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பாடும் சுமார்தான். புற்றில் ஊற்றும் வெள்ளிக்கிழமைப் பால் இங்கே குடியே வராத பாம்புக்குப் போனது. அது பயிர் செய்த காளானுக்கு, இடி இடித்துத்தான் முளைத்ததென்று இடி பெயர் வாங்கியது.

அங்கம்மாள் ஓங்கினாள். முதல் வெட்டிலேயே காம்பு முறிந்தது. உள்ளே வெறும் தூள்.

“பாழாப்போன செல்லு” என்று கறையானைத் திட்டியபடி, புற்றில் சிக்கிய இரும்பைப் பிடுங்கக் கையை விட்டாள். கை அப்படியே நின்றது. சித்திரை மதியத்தில் உள்மண் சில்லென்று ஈரமாயிருந்தது. காளானுக்காகக் கறையான்கள் அடியாழத்திலிருந்து வாய் வாயாகச் சுமந்த ஈரம்.

“இங்க வாங்க. இதத் தொட்டுப் பாருங்க.”

தவசி மண்ணை மோந்து பார்த்துவிட்டு, புற்றின் நடுவிலேயே கிணறு வெட்டலாம் என்றான்.

“வேணாம். பத்தடி தள்ளி வெட்டுவோம். இது அதுக தோண்டுன கிணறு.”

முறிந்த காம்பைப் பார்த்துப் புற்றுக்கறையான் சொன்னது: “உனக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க. நன்றி தங்கச்சி.”

“நான் சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்?” என்றது மரக்கறையான், கூச்சத்தோடு.

ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊறியது. விற்பனை நின்றது. அங்கம்மாள் முதல் சேற்றை இரு கையாலும் அள்ளிவந்து, புற்றில் தான் வெட்டிய இடத்தில் பூசினாள்.

அந்தப் பள்ளத்தைக் கறையான்கள் வெட்டு விழுந்த அன்றைக்கே அடைத்துவிட்டிருந்தன. ஆனாலும் அவள் பூசி முடிக்கும்வரை, உள்ளே ஒருவரும் அதைச் சொல்லவில்லை.