இருநூற்றுப் பதினெட்டு கிலோ

"தார் ரோட்டுல ரொம்ப தூரம் போகணும். கல்லுலயும் தண்ணியிலயும் இறங்கி ஏறணும். ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒரே வண்டி எதும்மா?" என்று கேட்டார் குழந்தைவேலு வாத்தியார்.

சபியா நிமிரவில்லை. ஒரு பைக்கின் செயினைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தைந்து. பர்கூர் மலையடிவாரத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். வடக்கே பனிமலை வரைக்கும் தனியாக நான்கு தடவை பைக்கில் போய் வந்தவள்.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். யாராவது தப்பாகப் பேசினால் திருத்தாமல் விடமாட்டார்.

பதினோரு ஷோரூம் ஏறி இறங்கிவிட்டு வந்திருந்தார். ஒரு நோட்டு முழுக்கக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். இன்ஜின் எத்தனை சிசி, டேங்க் எத்தனை லிட்டர், சீட்டு எவ்வளவு உயரம், அடிப்பாகம் கல்லில் இடிக்குமா இடிக்காதா.

"இந்த நோட்டப் பாரும்மா. இதுல எது விழாது?"

"விழாத வண்டி இல்லைங்க சார்."

"விலை கூடுனாலும் பரவால்ல."

"கூடுனாலும் விழுமுங்க. எங்க போறீங்க?"

அவர் நோட்டை மூடினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி என் பையன் செத்துப்போன எடத்துக்கு."

சபியா செயினை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நிகிலன்னு பேரு. இருபத்திநாலு வயசு. வடக்க பனிமலைக்கு ஒத்தையில போனான். அங்க பனி உருகி ரோட்டுக்குக் குறுக்க ஒரு ஓடை வருதாம். கல்லு வழுக்கி வண்டி சாஞ்சிருச்சு. காலு அடியில மாட்டிக்கிச்சு. மறுநாள் காலையில லாரிக்காரங்க பாத்தப்ப..."

நோட்டின் அட்டையைத் தடவினார்.

"எனக்கு அந்த ஓடையப் பாக்கணும்மா. தப்பு ரோட்டு மேலயா, வண்டி மேலயான்னு தெரியணும். அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். போய்ட்டு வாங்கன்னுதான் சொன்னா."

சபியா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட அவள் மூன்று வண்டிகள் வைத்திருந்தாள். அதில் பெரியதன் பக்கம் போனாள். ஸ்டாண்டைக் காலால் தள்ளினாள். ஒரே தள்ளு. வண்டி தடாலென்று தரையில் சாய்ந்தது.

வாத்தியார் பதறிப்போனார். "ஏம்மா! என்னம்மா இது?"

"தூக்குங்க."

"நானா?"

"அங்க வேற யாருங்க இருப்பாங்க?"

ஹாண்டிலைப் பிடித்து இழுத்தார். வண்டி அசையவில்லை.

"அப்படி இல்லைங்க. வண்டிக்கு முதுகக் காட்டி குத்தவெச்சு உக்காருங்க. ஒரு கை ஹாண்டில்ல, ஒரு கை சீட்டுக்கு அடியில. தொடையில பலம் குடுத்துப் பின்னாடியே நடங்க."

அவள் சொன்னபடி செய்தார். இரண்டு தடவை. மூன்றாம் தடவை பின்சக்கரம் கொஞ்சம் உருண்டது. வண்டி எழவில்லை, அவர்தான் மண்ணில் உட்கார்ந்தார்.

அவள் அடுத்த வண்டியைச் சாய்த்தாள். அது பாதி வரைக்கும் எழுந்து, திரும்ப அவர் கையை விட்டுப் போனது.

மூன்றாவது சின்ன வண்டி. மலைக்கிராமத்துக்காரர்கள் மூட்டை ஏற்றிப்போகிற வகை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். நின்றுவிட்டது.

"இதுங்க சார் உங்க வண்டி."

"இதா? இது என் நோட்டுலயே இல்லையே! லாரி பக்கத்துல போனா ஆடுமேம்மா."

"ஆடுமுங்க. விழவும் விழும். தூக்கி நிறுத்திட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

இந்த இடத்தில் வாத்தியார் அவளைத் திருத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நோட்டைப் பிரித்தார். எடைக்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது. எடை அதிகமுள்ள வண்டிக்கெல்லாம் 'நன்று' என்று எழுதி, சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார்.

பெரிய வண்டி இன்னும் கீழேதான் கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிகிலனோடதும் இதே மாடல் வண்டிதாம்மா. இருநூத்திப் பதினெட்டு கிலோ. அவன் அறுபது கிலோகூட இருக்க மாட்டான்."

சபியா கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவன் சின்ன வண்டிதான் கேட்டான். நான்தான் விடல. வெயிட்டா இருந்தாத்தான் ரோட்டப் புடிச்சு நிக்கும்னு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். நல்ல பையன். சரிங்கப்பான்னு வாங்கிக்கிட்டான்."

பெற்ற பிள்ளைக்கு எமனைத் தேடிப்பிடித்து, பூமாலை போட்டு, சாவியையும் கையில் கொடுத்திருக்கிறார். அழவேண்டும் போலிருந்தது. அழ முடியவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று அவருக்குள் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

"ஷோரூம்ல வெச்சு என் வீட்டுக்காரி ஒண்ணு கேட்டாம்மா. 'எங்கியாவது விழுந்துட்டா இவனால தனியா தூக்க முடியுமா'ன்னு. நானும் அந்த சேல்ஸ்மேனும் சேர்ந்து சிரிச்சோம். அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. 'உனக்கென்ன தெரியும், சும்மா இரு'ன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"சும்மா இருந்துட்டா. நானும் அதோட மறந்துட்டேன். மூணு வருஷமா ஒரு தடவகூட நெனப்பு வரல. இப்ப இதுல கை வெச்சப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

"இத்தனை நாள்ல அவங்க உங்களை ஒண்ணும் கேக்கலைங்களா?"

"ஒரு வார்த்தை கேட்டதில்லம்மா. காலையில எந்திரிச்சா டீ கொண்டுவந்து வெப்பா. 'தூங்குனீங்களா'ன்னு கேப்பா. அவன் போட்டோவத் தொடைப்பா. நான் ரோட்டத் திட்டுவேன், கம்பெனியத் திட்டுவேன், அவளும் ஆமாங்க ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டு இருப்பா."

சபியா அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவங்களுக்கு அந்தக் கேள்வி எப்பங்க சார் ஞாபகம் வந்திருக்கும்?"