அருவிக்கு அடியில் நின்றால் ஏன் சத்தம் போடுகிறோம்

பிரமநாயகம் இந்தக் கதையைப் பதினோரு வருஷமாக நம்பவில்லை. வருஷம் தவறாமல் சீசனுக்கு அருவிக்கு வருவார். பாதையோரத் துண்டுக் கடை உலகம்மாளும் வருஷம் தவறாமல் இதைச் சொல்லுவாள். நம்பாத ஒரு கதையை எதற்கு இப்படிச் சுமந்துகொண்டு திரிகிறோம் என்று, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஈரத் தலையோடு தன்னையே கேட்டுக்கொள்வார். கதையில் ஒரு துண்டுக் கடைக்காரன் பெரிய வீரனாக வருகிறான். அதுதான் அவருடைய முதல் சந்தேகம். இருந்தாலும், உலகம்மாள் சொன்னபடியே சொன்னால் கதை இதுதான்.

அந்தக் காலத்தில் ஆறு பேசும், ஆனை பேசும், அவசியம் வந்தால் பாறைகூட இரண்டு வார்த்தை பேசும். மலையடிவாரத்தில் ஒரு பெரிய நகரம் இருந்தது. ஏழு கடைத்தெரு, எழுநூறு வீடு, எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு குளம். ஒரு வருஷம் அந்தக் குளம் வற்றி, எருமை புரளக்கூடச் சேறு இல்லாமல் போயிற்று.

அப்போது ஓர் இருவாச்சிப் பறவை வந்து சேதி சொன்னது. "மலை உச்சியில புதுசா ஒரு ஆறு பொறந்திருக்கு. உங்க பக்கமாத்தான் வருது. ஆடி பொறந்ததும் இந்தச் செங்குத்துப் பாறை வழியாக் குதிக்கும்."

ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தண்ணீர் வருவதற்கு முன்பே தண்ணீருக்குப் பாதை போட்டுவிட்டார்கள். கடைத்தெரு முனையிலிருந்து பாறையடி வரைக்கும் கல் பாவும் வேலை மாடத்தியிடம் வந்தது. கல் பாவுவதில் அவள் கையை மிஞ்ச ஆள் கிடையாது. வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடக் கூடிய சின்னப் பாதை; ஆனால் கிழவர் கால் இடறாது, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வழுக்காது. ஓரத்தில் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பிகூடப் போட்டாயிற்று. சங்கரபாண்டி என்பவன் ஒரு படி மேலே போய், பாதையோரத்தில் துண்டுக் கடையே திறந்துவிட்டான்.

ஆடி பிறந்தது. மேளதாளத்தோடு ஊரே பாறையடியில் கூடியது. ஆறு பாறை விளிம்பு வரைக்கும் ஓடி வந்தது. கீழே எட்டிப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது.

"ஆத்தாடி! இம்புட்டுப் பள்ளமா? நான் வரமாட்டேன்."

மேளம் நின்றது. ஊர்த் தலைவர் மேலே பார்த்துக் கும்பிட்டார், பட்டு சார்த்துவதாகச் சொன்னார். ஆறு அசையவில்லை. ஆனை மேலே ஏறிப் போய், "நான் பின்னால நின்னு தள்ளுதேன்" என்று முட்டிப் பார்த்தது. ஆறு அதன் நாலு காலுக்கும் நடுவே புகுந்து பின்னால் போய் நின்றுகொண்டது. மந்தி ஒன்று விளிம்பிலிருந்து குதித்து, ஆலங்கிளையில் ஊஞ்சலாடிக் காட்டியது.

"பாத்தியா? இவ்வளவுதான் விஷயம்!"

"ஒனக்குக் கை இருக்கு, கிளையைப் பிடிச்சுக்கிட்டே," என்றது ஆறு. "எனக்கு என்ன இருக்கு?"

மந்தி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டது.

மூன்று நாள் போயிற்று. குடத்தில் இருந்த கடைசித் தண்ணீரும் தீர்ந்தது. நாளை உச்சிப்பொழுதுக்குள் ஆறு இறங்காவிட்டால் ஊரைக் காலி செய்துவிடுவது என்று முடிவாயிற்று. தெருத்தெருவாக வண்டியில் சாமான் ஏறியது. போகிற போக்கில் மாடத்தியின் வாசலில் நின்று, "பாதைய நல்லாத்தான் போட்டே மாடத்தி, பல்லி நடந்து போவட்டும்" என்று சிரித்தவர்களும் உண்டு.

மறுநாள் வண்டியில் மாடு பூட்டும் நேரத்தில் மாடத்தி மட்டும் தன் பாதையில் நடந்தாள். பாறையடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ தாயி, ஒனக்கு என்னதான் பயம்?"

வந்து நான்கு நாளில் ஆற்றிடம் இப்படிக் கேட்டவர் அவள் ஒருத்திதான். ஆறு மெதுவாக விளிம்புக்கு வந்தது.

"கீழ பாத்தாத் தல சுத்துது."

"கண்ண மூடிக்கிட்டுக் குதி."

"மூடிக்கிட்டா, நீ எங்க நிக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாடத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாறையோடு ஒட்டி நின்று, இரண்டு கையையும் விரித்தாள்.

"நான் சத்தம் போட்டுக்கிட்டே நிக்கேன். சத்தம் வார எடத்துக்கு வா. நீ வந்து சேருத வரைக்கும் நிறுத்த மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் வாயைத் திறந்து "ஓ…" என்று கத்தினாள். ஆறு கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தது.

குதித்த ஆறு நூறு ஆனை விழுந்த மாதிரி அவள் தலையிலும் தோளிலும் விழுந்தது. மூச்சு முட்டியது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். ஆனால் விழுந்தது ஆற்றின் தலை மட்டும்தான். உடம்பு முழுக்க இன்னும் மேலே நிற்கிறது. சத்தம் நின்றால் அது திரும்பிப் போய்விடும். மாடத்தி தண்ணீரை விழுங்கியும் துப்பியும் கத்தினாள். தொண்டை கட்டியது. சத்தம் மெலிந்தது.

கடையைக் கட்டிக்கொண்டிருந்த சங்கரபாண்டி அதைக் கேட்டான். துண்டு மூட்டையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் "ஓ…" என்றான். அந்தச் சத்தம் கேட்டு வண்டிகள் நின்றன. ஊர்த் தலைவர் தலைப்பாகையோடு உள்ளே வந்து நின்று கத்தினார். நேற்றுச் சிரித்தவர்கள் கத்தினார்கள். மந்திகூட வந்தது. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் கத்தினார்கள். ஊர் முழுக்க ஒரே "ஓ!" ஆறு பயம் தெளிந்து, சிரித்துக்கொண்டே, கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கி வந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எனக்குக் கூச்சமா இருக்கு!" என்றதாம்.

வண்டியிலிருந்து சாமான் இறங்கிற்று. சங்கரபாண்டியின் துண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆறு அதே ஆறுதான் என்றாலும், விளிம்புக்கு வரும் தண்ணீர் ஒவ்வொரு நொடியும் புதுசு. அந்தப் பள்ளத்தை அது அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறது. மாடத்தி செய்த சத்தியமோ இன்னும் தீரவில்லை. அன்று முதல்தான், நீதிபதி ஆனாலும் சரி, நேற்றுக் கல்யாணமான பெண் ஆனாலும் சரி, அருவிக்கு அடியில் போய் நின்றதும், யாரும் சொல்லித்தராமலே "ஓ!" என்று கத்திவிடுகிறார்கள்.

இந்த வருஷம் பிரமநாயகம் போனபோது நல்ல வெள்ளம். குளிக்கத் தடை. பாதைக்குக் குறுக்கே சங்கிலி போட்டு ஒரு போலீஸ்காரர் காவல் நின்றார். அருவிக்கு அடியில் ஈ காக்கை இல்லை. மேலிருந்து வந்த இரைச்சலில் பாதைக் கல்லே அதிர்ந்தது. பிரமநாயகம் துண்டுக் கடை முன்னால் போய் நின்றார். பதினோரு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்விகளெல்லாம் எங்கோ போய்விட்டன. உலகம்மாளுக்குக் காது கேட்க வேண்டுமே என்று, தொண்டை கிழியக் கத்தித்தான் இதைக் கேட்டார்:

"ஏம்மா உலகம்மா! இன்னைக்குத்தான் கீழ ஒரு ஆளும் இல்லையே. அப்ப இம்புட்டுச் சத்தம் போடுறது யாரு?"